பனிக்கூரைக்கு அடியில் ஒரு நாகரிகம்: நெருப்பில்லாத கடலில் உலோகம் சாத்தியமா?

கேள்வி: நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவைக் களமாகக் கொண்டு ஓர் அறிவியல் புனைகதை எழுதி வருகிறேன். அதன் பனி ஓட்டுக்கு அடியில் உள்ள கடலில், பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) போன்ற உடலமைப்பும் மனிதனுக்கு நிகரான அறிவும் கொண்ட உயிர்கள் வாழ்கின்றன. கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஊர்களை அமைத்து, உலோகக் கருவிகளைக் கையாளும் இவ்வுயிர்கள், கதையின் இறுதிப் பகுதியில் பனியைத் துளைத்து வெளியேறுகின்றன.

வேற்றுக்கோள் உயிர்களைப் பற்றிய கதைகள் பலவற்றில், உடலமைப்புக்குக் கிடைக்கும் கவனம் தொழில்நுட்பத்துக்குக் கிடைப்பதில்லை. எட்டுக் கைகளும் நீல இரத்தமும் கொண்ட உயிர், மனிதர்கள் வார்த்தது போன்ற எஃகுக் கலத்தில் வந்து இறங்கிவிடுகிறது. அந்த எஃகு எந்த உலையில் உருகியது, அந்த உலை எதை எரித்தது என்று கதை கேட்பதே இல்லை. விடை தெரிந்த பிறகே நான் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்க விரும்புகிறேன்.

சூரிய ஒளி எட்டாத கடலில் பெரிய மூளையைத் தாங்கும் அளவுக்கு ஆற்றல் கிடைக்குமா? நெருப்பு மூட்ட வழியில்லாத இடத்தில் உலோகத்தைப் பிரித்தெடுக்க முடியுமா? தலைக்கு மேல் பல கிலோமீட்டர் பனி இருக்கும்போது, வெளியே ஓர் உலகம் இருப்பதை அவர்கள் எப்படி உணர்வார்கள்? யூரோப்பாவின் கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பது இன்னும் உறுதிப்படவில்லை என்பதை அறிவேன். அதைக் கதையின் அனுமானமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஆழ்கடல்

முதற்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டின் விடைகளும் இதைச் சார்ந்தே அமையும்.

1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கிய ஆய்வாளர்கள், கடலடி வெந்நீர் ஊற்றுகளையும் அவற்றைச் சுற்றிச் செழித்திருந்த உயிர்க்கூட்டத்தையும் கண்டனர். இரண்டு மீட்டர் வரை வளரும் குழாய்ப்புழுக்கள் அந்த இருளில் வாழ்ந்ததால், சூரியனே இல்லாமலும் பெரிய விலங்குகள் வாழக்கூடும் என்ற எண்ணம் புனைகதைகளில் வேரூன்றிவிட்டது. ஆனால் அப்புழுக்களின் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்கள், ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனுடன் சேர்த்தே ஆற்றலைப் பெறுகின்றன. அந்த ஆக்சிஜனோ மேற்பரப்பில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகி, கடல் நீரோட்டங்களின் வழியே ஆழத்துக்கு இறங்கி வந்தது. சூரியனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஊற்றின் வேதியாற்றலை மட்டும் நம்பி வாழ்பவை, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் போன்றவையே. அவ்வழியில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பமானது. கைகளை வீசி நீந்தவும் பெரிய மூளையை இயக்கவும் அது போதாது.

எனவே உங்கள் கதையின் அடிப்படைக் கேள்வி வெப்பத்தைப் பற்றியது என்பதைவிட ஆக்சிஜனைப் பற்றியது என்பேன். நல்வாய்ப்பாக, யூரோப்பாவில் அதற்கு ஓர் ஊற்றுக்கண் உண்டு. வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய மின்னேற்றத் துகள்கள் மேற்பரப்புப் பனியை ஓயாமல் தாக்கி, நீர் மூலக்கூறுகளை உடைக்கின்றன. இலேசான ஹைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறிவிட, ஆக்சிஜனில் ஒரு பகுதி பனியில் தங்குகிறது. 2022 செப்டம்பரில் 354 கி.மீ. தொலைவில் கடந்து சென்ற ஜூனோ விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு, மேற்பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் ஆக்சிஜன் உண்டாவதாக 2024இல் கணக்கிட்டனர். நாளொன்றுக்கு ஆயிரம் டன் என்று வைத்துக்கொள்ளலாம். புவியில் ஒளிச்சேர்க்கை தரும் ஆக்சிஜன் இதைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம்.

உங்களுக்குச் சாதகமாக, அந்த ஆயிரம் டன்னும் எப்படியோ பனியைக் கடந்து கடலில் கலக்கிறது என்று கொள்வோம். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது பத்து டன், அறிவுள்ள உயிர்களின் மூச்சுக்குக் கிடைப்பதாகவும், எஞ்சியது நுண்ணுயிர் முதல் இரைவிலங்கு வரை உணவுச்சங்கிலி முழுவதற்கும் செலவாவதாகவும் கொள்வோம். குளிர்நீரில் வாழும் குளிர்குருதி விலங்கு என்பதால், உங்கள் உயிருக்கு மனிதனின் தேவையில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 28 கிராம் ஆக்சிஜன் போதும் எனலாம். அப்படியானால் அந்தக் கடல் முழுவதிலும் வாழக்கூடியவர்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். இது என்னுடைய தோராயக் கணக்குத்தான். ஆயினும் கோடிக்கணக்கான குடிகளைக் கொண்ட பேரரசு அங்கே இருக்க முடியாது என்பதை இது காட்டிவிடுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பேய்க்கணவாய்க்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. இந்தோனேசியக் கடலில் தேங்காய்ச் சிரட்டைகளைத் தூக்கிச் சென்று உறைவிடமாக்கிக்கொள்ளும் இனத்தைப் பற்றி 2009இல் ஆய்வுரை வெளிவந்தது. ஆனால் பெரும்பாலான இனங்களில் தாய் ஒரே முறை முட்டையிட்டு, அவற்றைக் காத்து, குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் இறந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் மான்டரே ஆழ்கடல் பள்ளத்தாக்கில் ஒரு தாய் 53 மாதங்கள் முட்டைகளைக் காத்ததைக் கண்காணித்திருக்கிறார்கள். இத்தனை பொறுமையுள்ள உயிருக்கும், தான் கற்றதைப் பிள்ளைக்குக் கற்பிக்க வாய்ப்பில்லை. உங்கள் கதையில் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வாழும் ஏற்பாட்டை முதலில் அமைத்துவிடுங்கள். பெரிய மூளையைவிட நாகரிகத்துக்கு அதுவே முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து.

பதில்: உலைக்களம்

நண்பர் ஆழ்கடல் தந்த கணக்கு என் துறைக்கும் நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு கிலோகிராம் கரி முழுமையாக எரிவதற்கு 2.67 கிலோகிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வைத்த அளவின்படி, அது ஏறத்தாழ 95 பேரின் ஒரு நாள் மூச்சு. பழைய முறையில் ஒரு கிலோ இரும்பு எடுக்கப் பல கிலோ கரி தேவைப்படும். ஆகவே அந்தக் கடலில் நெருப்பு மூட்ட முடியுமா என்பதற்கு முன்பாக, நெருப்பு மூட்ட யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வி எழுந்துவிடும். ஒரு கதாசிரியருக்கு இதைவிட வளமான களம் வேறு என்ன வேண்டும்?

நீருக்கடியில் நெருப்பு எரியாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது எல்லா நிலைகளிலும் உண்மையாகாது. 374 டிகிரி செல்சியஸுக்கும் 218 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் நீர், திரவமென்றும் ஆவியென்றும் பிரிக்க முடியாத ஒரு மிகைநிலைப் பாய்மமாக மாறுகிறது. ஆக்சிஜனும் எரிவளிகளும் அதில் தாராளமாகக் கலக்கின்றன. அந்த நிலையில் மீத்தேனையும் ஆக்சிஜனையும் செலுத்தினால் நீருக்குள்ளேயே சுடர் எரிவதை 1980களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே நகரில் ஆய்வகத்தில் காட்டினார்கள். யூரோப்பாவின் ஈர்ப்பு புவியின் ஈர்ப்பில் ஏழில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு என்றாலும், 20 கி.மீ. பனியும் 100 கி.மீ. நீரும் சேர்ந்து கடலடியில் 1,500 வளிமண்டலத்துக்குக் குறையாத அழுத்தத்தைத் தரும். எனவே சூடான ஊற்றின் வாய்க்குள் அவர்கள் சுடரை ஏற்றலாம். ஆனால் மிகைநிலை நீர் உலோகங்களையும் பாறையையும் கடுமையாக அரிக்கும். நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு என்பதால், உலையின் வெப்பத்தைக் கட்டிவைப்பதும் பெரும்பாடு.

வெப்பநிலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புவியின் கரும்புகைத் தூண்கள், அதாவது கரிய புகைபோல் நீரைக் கக்கும் கடலடி ஊற்றுகள், உமிழும் நீர் பெரும்பாலும் 350 முதல் 400 டிகிரி வரை இருக்கும். தாமிரம் உருக 1,085 டிகிரியும் இரும்பு உருக 1,538 டிகிரியும் வேண்டும். ஊற்றின் வெப்பத்திலேயே உருகக்கூடியவை வெள்ளீயம் (232), பிஸ்மத் (271), ஈயம் (327) போன்ற மென்மையான உலோகங்கள் மட்டுமே. இரும்பை உருக்காமல் தாதுவிலிருந்து பஞ்சிரும்பாகப் பிரிப்பதற்குக்கூட 1,100 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருந்தது. ஹைட்ரஜனைக் கொண்டு அதைவிடக் குறைந்த வெப்பத்தில் ஆக்சிஜனை நீக்கலாம். ஆனால் சுற்றிலும் நீர் இருக்கும்போது அந்த வினை எளிதில் பின்னோக்கித் திரும்பிவிடும். உருக்கி வார்க்கும் பாதையை நான் உங்கள் இடத்தில் இருந்தால் கைவிட்டுவிடுவேன்.

வேறு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒலிவின் என்ற கனிமம் நிறைந்த பாறை நீருடன் வினைபுரிந்து செர்பென்டைன் என்ற வேறொரு கனிமமாக மாறும்போது ஏராளமான ஹைட்ரஜன் வெளிவருகிறது. அத்தகைய பாறைகளில் அவாருவைட் என்ற நிக்கல்-இரும்பு உலோகக்கலவை, எவரும் உருக்காமல், இயற்கையாகவே சிறு மணிகளாக உருவாகிறது. நியூசிலாந்தின் அவாருவா விரிகுடாப் பகுதியில் முதலில் விவரிக்கப்பட்டதால் அதற்கு அப்பெயர். தட்டி நீட்டக்கூடிய உலோகம் இப்படிக் கைக்கு நேராகக் கிடைத்தால், புவியில் மனிதர்கள் இயற்கைத் தாமிரத்தையும் விண்கல் இரும்பையும் தட்டிப் பழகியதைப் போலவே அவர்களும் தொடங்கலாம்.

இரண்டாவது பாதை மின்சாரம். ஊற்றுகளின் சல்பைடுத் தூண்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. உள்ளே ஓடும் ஆக்சிஜனற்ற நீருக்கும் வெளியே உள்ள கடல்நீருக்கும் இடையில் இயற்கையாகவே மின்னோட்டம் உண்டாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆழ்கடலில் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். கரைசலிலுள்ள தாமிரத்தை ஒரு பரப்பில் படிய வைக்க மிகக் குறைந்த மின்னழுத்தமே போதும். மின்முலாம் பூசும் பட்டறையில் நடப்பதும் இதுதான். உங்கள் உயிர்களின் உடலிலேயே மின்னுறுப்பு இருந்தால் கதை இன்னும் இறுக்கமாகும். நன்னீரில் வாழும் மின்விலாங்கு 860 வோல்ட் வரை உண்டாக்குகிறது. மின்சாரத்தை எளிதில் கடத்தும் கடல்நீரில் வாழும் மின்திருக்கையோ, அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டத்தைத் தருகிறது. உலோகம் படிய வைப்பதற்கு வேண்டியதும் அதுவே. வளர்ப்புத் திருக்கைகளை வரிசையாக வைத்துப் பல ஆண்டுகள் உழைத்து ஒரு தாமிரத் தகட்டை வளர்த்தெடுக்கும் தொழிலாளர்களை நான் எளிதாகக் கற்பனை செய்கிறேன். ஊற்றின் அருகே வைத்தால் சல்பைடு அத்தகட்டைக் கறுக்கச் செய்து தின்றுவிடும். ஆகவே உலோகம் பிறக்கும் இடமும் அதைப் பயன்படுத்தும் இடமும் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

பதில்: சிப்பி

நான் வேதியியல் மாணவி. உலோகத்தைத் தேடி இவ்வளவு தூரம் போவதற்கு முன், உயிர்களே செய்துவைத்திருக்கும் பொருள்களைக் கருத வேண்டும் என்று நினைக்கிறேன். 2001இல் இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் உள்ள கைரெய் வெந்நீர்ப் புலத்தில் ஒரு நத்தை கண்டறியப்பட்டது. அதன் பாதத்தில் உள்ள செதில்களை இரும்பு சல்பைடு மூடியிருக்கிறது. உலோகச் சேர்மத்தைக் கவசமாக அணிந்த விலங்கு. கல்லை ஒட்டி வாழும் லிம்பெட் நத்தையின் பற்களில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் இழைகளாக இருக்கிறது. சிலந்திப் பட்டைவிட வலிமையான உயிர்ப்பொருள் என்று அதை 2015இல் அளந்து சொன்னார்கள். ஆழ்கடல் கண்ணாடிப் பஞ்சுயிரி, உலையே இல்லாமல், குளிர்ந்த நீரில் சிலிக்காவை ஒளியிழைக்கு நிகரான நுண்கண்ணாடி இழைகளாக நெய்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தையே உயிராக வளர்த்துவிட்டார்கள் என்று கதைகளில் எழுதுவது எஃகுக் கலத்தைப் போலவே கேள்வி கேட்காத எளிய வழியாகிவிட்டது. நத்தையின் கவசம் நத்தையின் தேவைக்காக உருவானது. அதைக் கத்தியாக மாற்றுவதற்கு எத்தனையோ தலைமுறைத் தேர்வு வளர்ப்பு வேண்டும், மரபைப் பற்றிய தெளிவு வேண்டும், அத்தனைக் காலமும் பயனற்ற நத்தைகளுக்கு உணவும் ஆக்சிஜனும் ஒதுக்க வேண்டும். நண்பர் ஆழ்கடலின் கணக்கில் நத்தைகளின் மூச்சும் சேரும். அந்தச் செலவைக் காட்டுகிற கதையை நான் நம்பிப் படிப்பேன்.

நெய்தல்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆக்சிஜனே செல்வம் என்ற நிலையில் கதையின் அரசியல் தானாகவே உருவாகிவிட்டது. நெருப்பு, சடங்குக்கு மட்டும் உரியதாகவும் ஆட்சியாளரின் அனுமதியோடு மட்டும் ஏற்றப்படுவதாகவும் வைக்கப்போகிறேன். உலோகத்துக்கு அவாருவைட் மணிகளும் மின்படிவும். கூர்முனைகளுக்கு வளர்ப்பு நத்தைகள். கற்பித்தலுக்கு, முட்டையிடாத மூத்தவர்களின் கூட்டம் ஒன்று ஊர்தோறும் குஞ்சுகளை வளர்ப்பதாக அமைக்கிறேன். எஞ்சியிருப்பது மூன்றாவது கேள்வி. விண்மீன்களையே பார்த்திராத ஓர் இனம், மேலே போக வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

பதில்: வான்நோக்கி

அவர்கள் பார்க்காவிட்டாலும் வியாழன் அவர்களை விடுவதில்லை. யூரோப்பா 85 மணி நேரத்துக்கு ஒரு முறை வியாழனைச் சுற்றி வருகிறது; அந்தச் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததால், ஒவ்வொரு சுற்றிலும் பனி ஓடு பல மீட்டர் உயர்ந்து தாழ்ந்து, விரிசல்கள் இறுகித் தளர்கின்றன. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் பரவுவதால், அந்த விரிசல்களின் ஓசையை ஊர்கள் அனைத்தும் கேட்கும். அவர்களுடைய நாள்காட்டியே அதுவாக இருக்கலாம்.

இதனினும் அழகான வாய்ப்பு ஒன்று உண்டு. வியாழனின் காந்தப்புலம் அதன் அச்சுக்குச் சாய்ந்திருப்பதால், யூரோப்பாவில் அப்புலத்தின் திசை 11.2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் உப்புக்கடலில் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டங்கள் உண்டாக்கிய எதிர்க்காந்தப்புலத்தைக் கலிலியோ விண்கலம் அளந்ததால்தான் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது என்ற முடிவுக்கு நாம் வலுவான சான்று பெற்றோம். மின்புலத்தை உணரும் உறுப்பை உங்கள் உயிர்களுக்குக் கொடுத்துவிட்டால், நாம் வெளியிலிருந்து கண்ட அதே துடிப்பை அவர்கள் உள்ளிருந்து உணர்வார்கள். 85 மணி நேரத் தாளம் ஒன்று, 11.2 மணி நேரத் தாளம் ஒன்று. இரண்டுக்கும் கடலுக்குள் எந்தக் காரணமும் தென்படவில்லை. கூர்மையான ஓர் அறிவாளர், பனிக்கு அப்பால் சுழலும் பெரும்பொருள் ஒன்று இருக்கிறது என்று கணக்காலேயே முடிவு செய்ய அது போதும். என் பார்வையில், உங்கள் கதையின் உச்சம் விண்கலத்தில் இல்லை, இந்தக் கண்டுபிடிப்பில்தான் இருக்கிறது.

இனி, வெளியேறும் வழி. ஒரு சதுர மீட்டர் அகலத்தில் 20 கி.மீ. பனியை உருக்குவதாக இருந்தால், பக்கவாட்டில் வீணாகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமலேயே, ஊற்றின் ஹைட்ரஜனை எரிக்க ஐந்நூறு, அறுநூறு டன் ஆக்சிஜன் செலவாகும். மேலே சொன்ன பத்து டன் கணக்கில், அது நாகரிகம் முழுவதற்கும் ஏறத்தாழ இரண்டு மாத மூச்சு. எனவே உருக்குவதை விட்டு வெட்டியே ஏற வேண்டும். அங்கும் ஒரு சிக்கல்: நாம் கீழ்நோக்கித் துளையிடும்போது தூள் துளையின் அடியில் தங்குவதைப் போல, அவர்கள் மேல்நோக்கி வெட்டும்போது பனித்துண்டுகள் மிதந்து வெட்டுமுகத்திலேயே குவியும். அவற்றை ஒருவர் மாற்றி ஒருவர் கீழே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மேற்பரப்பை எட்டிவிட்டால் கடல் பீறிட்டு எழும் என்று எழுதிவிடாதீர்கள். பனியின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு என்பதால், 20 கி.மீ. கிணற்றில் நீர் 18 கி.மீ. வரைதான் ஏறி நிற்கும். கடைசி 2 கி.மீ. வெற்றிடம், அங்கே நீர்மட்டம் ஒரே வேளையில் கொதித்துக்கொண்டும் உறைந்துகொண்டும் இருக்கும். கிணற்றின் அடியில் 240 வளிமண்டல அழுத்தத்துக்குப் பழகிய உடல், பல நாள்கள் தங்கித் தங்கி மெதுவாகத்தான் மேலே வர முடியும். கிணற்றின் வாயில் வெப்பநிலை மைனஸ் 160 டிகிரி. மனிதன் ஒரு நாளைக்குள் உயிருக்கு ஆபத்தான அளவைப் பெற்றுவிடும் கதிர்வீச்சும் அங்கே இருக்கிறது. ஆகவே முதலில் மேலே வருபவருக்கு வேண்டியது விண்கலம் இல்லை. நீர் நிரப்பி இறுக மூடிய, கயிற்றில் ஏறக்கூடிய ஒரு கூண்டு. சுற்றிலும் ஒரு மீட்டர் தடிமனுக்கு நீர் இருந்தால் கதிர்வீச்சிலிருந்தும் அது பெருமளவு காக்கும். ஈர்ப்பு குறைவு என்பதால் ஏற்றும் சுமை அஞ்சத்தக்கதாக இருக்காது.

விண்வெளிக்கே போக வேண்டும் என்றால், யூரோப்பாவின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகம் நொடிக்கு 2 கி.மீ. மட்டுமே; நமக்கு 11.2 கி.மீ. ஆனால் அவர்கள் நீரையும் சுமந்து செல்ல வேண்டும். நூறு கன மீட்டர் அறை என்றால் நூறு டன். ஒருவர் மட்டும், தன் உடலை ஒட்டிய உறையில் போவதாக எழுதினால் ஏற்றுக்கொள்ளலாம்.

உங்கள் கதையில் பனியின் தடிமன் எவ்வளவு என்று முடிவு செய்திருக்கிறீர்களா? 5 கி.மீ. என்று வைத்தால் வெற்றுக்கிணறு அரை கிலோமீட்டராகக் குறைந்துவிடும். கூண்டைத் தாமிரக் கம்பியில் இழுக்கலாமா, வேறு நார் வேண்டுமா என்பதை நண்பர் உலைக்களம் கணக்கிட்டுச் சொல்லக்கூடும்.